மூன்று வரி ராமானுஜன்



ஆண்டுதோறும் டிசம்பர் 22 அன்று நம் பள்ளிகளின் காலைக் கூட்டத்தில் ஒரு கதை சொல்லப்படுகிறது. 2012 முதல் அந்த நாள் தேசியக் கணித தினம். கதை மூன்றே வரி. கும்பகோணத்தில் ஓர் ஏழைப் பையன் இருந்தான், கல்லூரியில் தேறவில்லை. நாமகிரித் தாயார் கனவில் வந்து அவனுக்குச் சூத்திரங்களைச் சொன்னாள். அவன் போட்ட கடிதத்தைப் பார்த்த ஹார்டி என்ற வெள்ளைக்காரர் அவனைக் கண்டெடுத்து உலகுக்குக் காட்டினார். கைதட்டல். வகுப்புக்குப் போகலாம்.

இந்த மூன்று வரியில் பச்சைப் பொய் என்று ஒன்றுமே கிடையாது. சீனிவாச ராமானுஜன் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்றது உண்மை. நாமகிரியை வணங்கியது உண்மை. 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும் உண்மை. ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எதையும் படிக்காத, உழைக்காத, தவறே செய்யாத, ஊரில் ஒருவர்கூட ஏறிட்டுப் பார்க்காத ஒரு மனிதர் கிடைக்கிறார். அப்படி ஒருவர் கும்பகோணத்திலும் இருந்ததில்லை, கேம்பிரிட்ஜிலும் இருந்ததில்லை.

மனிதர்களையும் கருத்துகளையும் ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடும் பழக்கத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசலாம். பேசினால் அதுவே இன்னொரு சுருக்கமாகிவிடும் ஆபத்து உண்டு. அதனால் இந்த உரை ராமானுஜன் ஒருவரையே எடுத்துக்கொள்கிறது. அந்த மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் வரி: படிக்காத மேதை.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தவர் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை துணிக்கடையில் குமாஸ்தா. டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போதே லோனியின் முக்கோணவியல் நூலைக் கரைத்துக் குடித்துவிட்டார். பதினைந்து, பதினாறு வயதில் ஜி.எஸ். கார் என்பவர் தொகுத்த ஒரு தடித்த கணிதப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. கார், லண்டனில் கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். அவருடைய புத்தகமும் நம் மாணவர்கள் சொல்வதுபோல ஒரு ‘நோட்ஸ்’தான். ஏறத்தாழ 5,000 முடிவுகள் வரிசையாக எண்ணிட்டு அடுக்கப்பட்டிருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் ஒரு குறிப்போடு நிற்கும்.

அந்த முடிவுகளை ராமானுஜன் மனப்பாடம் செய்து திருப்தி அடையவில்லை. தானே நிறுவிப் பார்த்தார். நிறுவியதிலிருந்து புதியதற்குத் தாவினார். காகிதம் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் துடைத்து, மறுபடி போட்டு, கடைசி விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் சூத்திரங்கள் மட்டும் இருப்பதற்கும் நிரூபணங்கள் இல்லாததற்கும் கார் புத்தகத்தின் நடையும் காகிதத்தின் விலையும் போதுமான காரணங்கள். சிலேட்டில் அழிந்துபோன அந்த உழைப்பு இருந்த இடத்தில்தான் மூன்று வரிக் கதை கனவைக் கொண்டுவந்து வைக்கிறது.

1913 ஜனவரி 16 தேதியிட்ட முதல் கடிதத்தையே பார்க்கலாம். ஹார்டி 1910-இல் வெளியிட்ட ‘முடிவிலியின் வரிசைகள்’ என்ற ஆராய்ச்சிச் சிறுநூலின் 36-ஆம் பக்கத்தை ராமானுஜன் அதில் குறிப்பிடுகிறார். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்று சொல்லும் திட்டமான கோவை இன்னும் கிடைக்கவில்லை என்று அங்கே ஹார்டி எழுதியிருந்தார். தன்னிடம் அது இருக்கிறது என்கிறார் ராமானுஜன். கேம்பிரிட்ஜில் மூன்று ஆண்டுக்கு முன் வந்த சிறுநூலைச் சென்னையில் தேடிப்பிடித்து, பக்க எண் சொல்லி மறுக்கும் ஒருவரைப் படிக்காதவர் என்று அழைக்க முடியாது. அவருடைய படிப்பில் பெரிய ஓட்டைகள் இருந்தன என்று சொல்லலாம்; ஐரோப்பாவில் பட்டப்படிப்பு மாணவனுக்கே தெரிந்த கலப்பெண் சார்புகளின் கோட்பாடு அவருக்குத் தெரியாது. அது வேறு செய்தி.

தேர்வுத் தோல்விக்கும் ஒரு சுருக்கம் புழக்கத்தில் இருக்கிறது: கல்வி முறை அவரைக் கைவிட்டது, ஆனாலும் நல்லதுதான், படித்திருந்தால் சாதாரணப் பேராசிரியராகியிருப்பார். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், மற்றப் பாடங்களில் தேறாததால் அதை இழந்தார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அடுத்த ஆண்டு எஃப்.ஏ. தேர்வில் மீண்டும் தோல்வி. ஆனால் 1913 மே மாதம் முதல், பட்டம் இல்லாத அதே ஆளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டதாரிகளுக்கு மட்டுமே என்றிருந்த விதியை அவருக்காகத் தளர்த்தியது. கைவிட்டதும் கைகொடுத்ததும் ஒரே அமைப்புதான்.

‘படிக்காததே நல்லது’ என்ற பாதிக்கு ஹார்டியே பதில் சொல்லியிருக்கிறார். ராமானுஜன் மறைந்த பிறகு எழுதிய இரங்கல் கட்டுரையில், இளமையில் முறையான பயிற்சி கிடைத்திருந்தால் அவர் இன்னும் பெரிய கணிதவியலாளர் ஆகியிருப்பார்; ஆனால் தனித்தன்மை குறைந்து, நஷ்டமே மிஞ்சியிருக்கலாம் என்ற பொருளில் ஹார்டி எழுதியிருந்தார். பல ஆண்டுகள் கழித்து, 1936-இல் ஹார்வர்டில் தொடங்கிய உரைகளில், தான் எழுதியதில் அந்தக் கடைசிப் பகுதி வெறும் அசட்டு உணர்ச்சி என்று தானே ஒதுக்கினார். இளமையில் வீணான ஆண்டுகளால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை, இழப்பு ஈடுசெய்ய முடியாதது என்பது அவருடைய முடிவான தீர்ப்பு. ராமானுஜனை நெருங்கி அறிந்தவர் தன் அழகான வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நாம் இன்னும் அதை மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து, கதையின் கடைசி வரி: ஹார்டி கண்டெடுத்தார்.

1910-இல் ராமானுஜன் வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டர் வி. ராமசாமி அய்யர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். நோட்டைப் புரட்டிப் பார்த்தவருக்கு, இப்படி ஒருவரை வருவாய்த் துறையின் அடிமட்டக் குமாஸ்தா நாற்காலியில் போட்டு முடக்க மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அதன்பின் பேராசிரியர் பி.வி. சேஷு அய்யர்; அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். ராவ் சில காலம் தன் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1911-இல் பெர்னூலி எண்கள் பற்றிய ராமானுஜனின் கட்டுரை கணிதக் கழக இதழில் அச்சேறியது. ஹார்டியின் பெயரே இந்தக் கதைக்குள் வராத காலம் அது.

1912 மார்ச்சில் சென்னை போர்ட் டிரஸ்டில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த எஸ். நாராயண அய்யரும் கணிதக் கழகத்துக்காரர். மாலை வேளைகளில் அவருடைய திருவல்லிக்கேணி வீட்டில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் என்று ஒவ்வொருவராக இதில் சேர்ந்தார்கள். உதவித்தொகைக்கு வழி திறந்ததில் வாக்கரின் பரிந்துரைக்குப் பெரிய பங்கு உண்டு. கடல் கடக்கத் தயங்கிய ராமானுஜனிடம் 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து பேசியவர் இ.எச். நெவில் என்ற இளம் கணித ஆசிரியர். ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்து ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது சென்னைப் பல்கலைக்கழகம்.

இத்தனை பேரையும் சொன்னால் ஹார்டி சிறுத்துவிடுவாரா? மாட்டார். கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கும் ராமானுஜன் எழுதினார், பலன் இல்லை. ஹார்டி தன் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அந்தச் சூத்திரங்களைப் படித்து, எழுதியவர் முதல் தரக் கணிதவியலாளர் என்று தீர்மானித்தார். அதற்குக் கண் வேண்டும், துணிச்சலும் வேண்டும். ‘ஹார்டி கண்டெடுத்தார்’ என்ற வரி சென்னையை அழிக்கிறது. ‘ஹார்டி வெறும் சாட்சி, எல்லாம் நம் பெருமை’ என்று பதிலுக்குச் சொல்லும் வரி கேம்பிரிட்ஜை அழிக்கிறது. அந்தக் கேம்பிரிட்ஜும் ஒரே முகம் கொண்டது அல்ல. 1917-இல் டிரினிட்டி கல்லூரி ராமானுஜனை ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்க மறுத்தது. 1918-இல் அவர் ராயல் சொசைட்டி உறுப்பினரான பிறகே அதே கல்லூரி அவரை ஏற்றது.

இனி நடுவரி, நாமகிரித் தாயார்.

நாமக்கல் நாமகிரி அந்தக் குடும்பத்தின் தெய்வம். தன் சூத்திரங்களைத் தாயார் அருளியதாக ராமானுஜன் நண்பர்களிடம் சொன்னதுண்டு. கேம்பிரிட்ஜிலும் சைவ உணவை விடாமல் தானே சமைத்துச் சாப்பிட்டார். ஆனால் ஹார்டி எழுதியது வேறு: எல்லா மதங்களும் ஏறக்குறைய ஒரே அளவு உண்மையாகத் தோன்றுகின்றன என்று ராமானுஜன் தன்னிடம் சொன்னதாகவும், அவருடைய ஆசாரம் பழக்கம் சார்ந்தது, நம்பிக்கை சார்ந்தது அல்ல என்றும். சேஷு அய்யரும் ராமச்சந்திர ராவும் இதை ஏற்கவில்லை. அவர் ஆழ்ந்த பக்தர் என்றே பதிவு செய்தார்கள்.

யார் சொன்னது சரி? நாத்திகரான ஹார்டிக்கு நாத்திகச் சாயல் தெரிந்தது, பக்தர்களுக்குப் பக்தி தெரிந்தது. ஒரே மனிதர் திருவல்லிக்கேணியில் ஒரு விதமாகவும் கேம்பிரிட்ஜில் ஒரு விதமாகவும் பேசியிருக்கலாம். இரண்டும் மனப்பூர்வமாகவே இருந்திருக்கலாம். நம்மில் யார்தான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பேசுகிறோம்? இரண்டு தரப்பும் தமக்கு வேண்டிய பாதியை வெட்டி எடுத்துக்கொண்டன. இன்றும் ஒருவர் அவரை ஆன்மிகத்துக்குச் சாட்சியாக அழைக்கிறார். இன்னொருவர் பகுத்தறிவுக்கு அழைக்கிறார்.

பக்தியைப் பற்றி எந்த முடிவுக்கு வந்தாலும் உழைப்பை மறைக்க முடியாது. எண் பிரிவினை என்ற கணக்கைப் பாருங்கள். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். எண் பெரிதாகப் பெரிதாக விடை பூதாகரமாகிறது: 200-க்கு 3,972,999,029,388 விதங்கள். மேஜர் மக்மஹன் என்ற கணிதவியலாளர் 200 வரை கையால் கணக்கிட்டு அட்டவணை போட்டிருந்தார். அந்த அட்டவணையைத் துருவிப் பார்த்த ராமானுஜன் ஒன்றைக் கவனித்தார்: 4, 9, 14, 19 என்று 4-இலோ 9-இலோ முடியும் எண்களுக்கெல்லாம் விடை 5-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. 4-க்கு 5, 9-க்கு 30, 14-க்கு 135. பிறகு அதை நிறுவினார். 7-க்கும் 11-க்கும் இதே போன்ற ஒழுங்கு இருப்பதைக் கண்டார். அட்டவணை, கவனிப்பு, ஊகம், நிரூபணம். ஆய்வகத்தில் அறிவியலாளர் செய்யும் வேலைதான் இதுவும். எந்த எண்ணுக்கும் விடையை மிக நெருக்கமாகத் தரும் சூத்திரத்தை ஹார்டியும் அவரும் சேர்ந்து 1918-இல் வெளியிட்டார்கள். அதைச் சரிபார்க்க உதவியதும் மக்மஹனின் 200-தான்.

1729 கதை உங்களுக்குத் தெரியும். நோயாளியைப் பார்க்க வந்த ஹார்டி, தான் ஏறிவந்த டாக்சியின் எண் சுவாரசியமற்றது என்கிறார். படுக்கையிலிருந்தபடியே ராமானுஜன், இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்கிறார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும். ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். மின்னல் போல வந்த பதில் என்று கதை முடிகிறது. ஆனால் அவர் விட்டுச் சென்ற தாள்களில், ஒரு கனத்துக்கு ஒன்று கூடியோ குறைந்தோ வரும் கூட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. 6, 8 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 9-இன் கனத்துக்கு ஒன்று குறைவு. 9, 10 கனங்களைக் கூட்டினால் 12-இன் கனத்துக்கு ஒன்று அதிகம், அதுதான் 1729. 135, 138 கனங்களைக் கூட்டினால் 172-இன் கனத்துக்கு ஒன்று குறைவு. இப்படி முடிவில்லாமல் உண்டாக்கும் வழியையே எழுதி வைத்திருந்தார். அவர் உழுது வைத்திருந்த நிலத்துக்குள்தான் அந்த டாக்சி வந்து நின்றது.

மனிதருக்கு நேர்ந்தது அவருடைய கருத்துக்கும் நேர்ந்தது. 1, 2, 3, 4 என்று எல்லா எண்களையும் முடிவில்லாமல் கூட்டினால் விடை மைனஸ் பன்னிரண்டில் ஒன்று; இதை ராமானுஜன் கண்டுபிடித்தார் என்று இன்று கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு காணொளி வந்து சேர்கிறது. பையன் கூட்டிப் பார்க்கிறான்: 1, 3, 6, 10, 15. ஏறிக்கொண்டே போகிறது. கணிதம் ஏதோ மாய வித்தை என்று முடிவு கட்டுகிறான்.

வழக்கமான பொருளில் அந்தக் கூட்டலுக்கு விடையே கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இத்தகைய தொடர்களுக்கு வேறொரு பொருளில் மதிப்புக் கொடுக்க முயன்றார். 1859-இல் ரீமன் அதற்குத் திடமான அடித்தளம் போட்டார். ஜீட்டா சார்பு என்று ஒன்று; சில இடங்களில் அதை முடிவிலாக் கூட்டலாக எழுதலாம். அந்தக் கூட்டல் பயன்படாத இடங்களுக்கும் சார்பை ஒரே ஒரு விதத்தில் நீட்டிக்க முடியும். அப்படி நீட்டித்த சார்பின் மதிப்பு, மைனஸ் ஒன்று என்ற இடத்தில், மைனஸ் பன்னிரண்டில் ஒன்று. ராமானுஜன் இதற்குத் தன் சொந்த வழியில் வந்தார்: ஒவ்வொரு தொடருக்கும் உரிய ‘மாறிலி’ ஒன்று உண்டு என்று கொண்டு, அதைக் கணக்கிடும் முறையை உருவாக்கியிருந்தார்.

அவர் அதைச் சொன்ன விதத்தைக் கவனிக்க வேண்டும். ஹார்டிக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில், லண்டன் பேராசிரியர் ஒருவர் விரியும் தொடர்களின் படுகுழியில் விழாதே என்று எச்சரித்ததைக் குறிப்பிடுகிறார். பிறகு, தன் கோட்பாட்டின்படி இந்தக் கூட்டலின் மதிப்பு இது என்கிறார். இதைச் சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீர்கள் என்றும் சிரித்தபடி சேர்த்துக்கொள்கிறார். ‘தன் கோட்பாட்டின்படி’ என்ற நிபந்தனையை 25 வயதுக் குமாஸ்தா மறக்காமல் எழுதினார். காணொளிகள் அந்த நிபந்தனையைத்தான் முதலில் தூக்கி எறிகின்றன. அதோடு கருத்தும் போய்விடுகிறது. அதிர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது.

அவர் தவறும் செய்தார். முதல் கடிதத்தில் சவால்போல எழுதிய பகா எண் சூத்திரம் அவர் நம்பிய அளவுக்குத் துல்லியமாக இல்லை. ஜீட்டா சார்பு கலப்பெண் தளத்தில் எங்கெங்கே பூஜ்யமாகிறது என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை; அந்தக் கோட்பாடுதான் அவருக்குத் தெரியாதே. துணையில்லாமல் அவ்வளவு தூரம் வந்தவரின் அந்தத் தோல்வி, ஒரு வகையில் அவருடைய வெற்றிகளைவிட வியப்பானது என்பது ஹார்டியின் கருத்து. எல்லாம் கனவில் அருளப்பட்டவை என்றால் இந்த ஒன்று ஏன் பிசகியது என்பதற்கு மூன்று வரிக் கதையிடம் பதில் இல்லை. படிப்பில் இருந்த ஓட்டையைச் சொன்னால் பதில் உடனே கிடைத்துவிடுகிறது.

1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில், 32 வயதில் ராமானுஜன் இறந்தார். கதை அங்கே முடிந்துவிடுவதால் பிறகு நடந்தது யாருக்கும் தெரிவதில்லை. 1916-இல் அவர் வெளியிட்ட ஓர் ஊகத்தை 1974-இல் டெலீன் நிறுவினார். 1976-இல் டிரினிட்டி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ட அவருடைய கடைசி ஆண்டுத் தாள்களில் நூற்றுக்கணக்கான சூத்திரங்கள் இருந்தன. சாகும் ஆண்டின் ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய ‘போலித் தீட்டா சார்புகள்’ உண்மையில் என்ன என்பதை 2002-இல்தான் ஸ்வெகர்ஸ் தெளிவாக்கினார். நோட்டுப் புத்தகங்களின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஐந்து தொகுதிகளாக வெளியிட புரூஸ் பெர்ண்டுக்கு 1998 வரை ஆனது.

மனைவி ஜானகி அம்மாள் கதைக்குள் வருவதே இல்லை. இருபது வயதை ஒட்டி விதவையானவர், தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் சிறு ஓய்வூதியத்தோடும் தையல் வருமானத்தோடும் வாழ்ந்து, ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று முதுமையில் கேட்டார். ரிச்சர்ட் ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் முன்னின்று, பல நாட்டுக் கணிதவியலாளர்கள் பணம் போட்டு, பால் கிரான்லண்ட் வடித்த மார்பளவுச் சிலை 1980-களில் அவர் கைக்கு வந்தது. 1994-இல் காலமானார்.

சுருக்கமே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. கார் எழுதியதும் சுருக்கம்தான். ஆனால் அந்தப் புத்தகம் தன்னிடம் என்ன இல்லை என்பதை மறைக்கவில்லை. நிரூபணம் விடுபட்ட இடம் பக்கத்துக்குப் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. கும்பகோணத்துப் பையன் ஒருவன் அந்த இடத்தை நிரப்ப உட்கார்ந்தான். மூன்று வரிக் கதையில் விடுபட்ட இடமே தெரிவதில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் போய்ச் சேர்வது ஒன்றுதான்: கணக்கு என்பது வரம்; கிடைத்தவர்களுக்கு உண்டு, கிடைக்காதவர்களுக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு கணிதத்துக்குக் கும்பிடு போடும் பிள்ளைகளுக்கு இதைவிட வசதியான சாக்கு வேறென்ன வேண்டும்?

அவையில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். வருகிற டிசம்பர் 22 அன்று தாயார் கதையைச் சொல்லுங்கள்; அதுவும் அவர் வாழ்க்கையில் ஒரு பகுதிதான். அதோடு திருக்கோவிலூர் ராமசாமி அய்யரின் பெயரையும் நாராயண அய்யரின் பெயரையும் ஜானகி அம்மாளின் பெயரையும் சொல்லுங்கள். பகா எண் சூத்திரம் தவறிப்போனதையும் சொல்லுங்கள். பிறகு கரும்பலகையில் 4 என்று எழுதி, ஐந்து விதங்களையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். அடுத்து 9. முப்பது விதம் வர வேண்டும். சிலருக்கு இருபத்தெட்டு வரும், சிலருக்கு முப்பத்தொன்று வரும். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்களே சரிபார்க்கட்டும்.